கஸ்பாரின் நீலக் கயிறு

கஸ்பாருடைய ஊரில் மீனவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுக்கடலில் மிதக்கும் வலை யாருடையது என்று தெரிய, மிதவையில் ஆளுக்கொரு நிறத்தில் அடையாளம் கட்டுவார்கள். கஸ்பாருடையது நீலம். அந்தப் பழக்கத்தை மனுஷன் கடலுக்கடியிலும் கொண்டுபோய்விட்டார்.

ஊருக்கு எதிரே இருந்த பவளப்பாறை பாதிக்குமேல் செத்துப்போயிருந்தது. ஒதுங்கப் பாறை இல்லாத இடத்தில் மீன் எதற்கு வரும்? ஆம்பிளைகள் கேரளத்துப் படகுகளுக்கு வேலைக்குப் போனார்கள். கஸ்பாரும் போனார். மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்றுகூட அவர் ஊரில் இல்லை. அந்த வருத்தம் அவருக்குத் தீரவே இல்லை.

பிறகு தெக்கலா வந்தாள். அதே ஊர்க்காரி, கடலைப் பற்றிப் படித்தவள், கஸ்பாரைவிட இளையவள். உடைந்து கிடக்கும் உயிருள்ள பவளத் துண்டுகளைப் பொறுக்கி, சிமெண்டுப் பலகையில் கட்டி, கடலடியில் நட்டு வளர்க்க, கஸ்பாருக்கும் ஊரில் இன்னும் சிலருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதற்குச் சம்பளமும் உண்டு. "கல்லுக்குத் தாலி கட்டுதானுவ" என்று ஊர் சிரித்தது. கஸ்பார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வயதில் சின்னவளை அவர் வாய்நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். இங்கே நடவு முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும். பாறை பிழைத்தால் வடக்கே இன்னொரு ஊரில் தொடங்குவார்களாம், பொறுப்பாக ஒருவரை அனுப்புவார்களாம். அது கிடைக்காவிட்டால் மறுபடியும் கேரளம்தான்.

"எதைப் பாத்து ஆள் எடுப்பிய டீச்சர்?"

"பாறை சொல்லட்டும்ண்ணே."

கஸ்பார் விவரமான ஆள். அன்றிலிருந்து தான் நட்ட ஒவ்வொரு துண்டின் அடியிலும் நீல நைலான் கயிற்றில் ஒரு இழையைச் சுற்றிவைத்தார். தெக்கலாவும் அதைக் கவனித்தாள்.

சில மழைக்காலங்கள் போயின. ஒருநாள் காலை, தண்ணீர் தெளிந்திருந்தபோது, தெக்கலா அவரைப் படகில் கூட்டிக்கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"உங்க நடவு எதுன்னு பாத்துட்டு வாங்க."

கஸ்பார் உற்சாகமாகக் குதித்தார். கீழே பலகையே கண்ணுக்குத் தெரியவில்லை. கொம்பு கொம்பாகக் கிளைத்து, ஒன்றின் கிளை அடுத்ததற்குள் புகுந்து, எல்லாம் ஒரே பாறையாகிக் கிடந்தது. விளமீன் குஞ்சுகள் அவரைக் கண்டதும் உள்ளே ஓடி ஒளிந்தன. கிளிமீன் ஒன்று, யார் வந்தால் என்ன என்று கொறித்துக்கொண்டிருந்தது. கஸ்பார் குனிந்து குனிந்து தேடினார். மேலே வந்து மூச்செடுத்துக்கொண்டு மறுபடியும் தேடினார். நீலம் எங்குமே இல்லை. பவளம் வளர்ந்து கயிற்றை விழுங்கிவிட்டிருந்தது.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். பெருமையில் நெஞ்சு விம்மியது. தன்னுடையது எது என்று காட்ட முடியாவிட்டால் மறுபடியும் கேரளம்தானே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"என்னண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு மூலையைக் காட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"எது என்னோடதுன்னு தெரியல டீச்சர். எல்லாம் நம்மளோடதாத்தான் கெடக்கு."

தெக்கலா கைகொடுத்து அவரை மேலே தூக்கினாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். திங்கட்கிழமை வடக்கே கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னாள். கஸ்பாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தண்ணீர் புரையேறியது.

"அங்க உள்ளவங்க, நீ நட்டதக் காட்டுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

தெக்கலா நங்கூரத்தைப் பாறையில் படாமல் பார்த்து மேலே எடுத்தாள்.

"இங்க கூட்டிட்டு வாங்க. தேடிப் பாத்தேன், என்னாலயே கண்டுபிடிக்க முடியலன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுங்க."