முதல் இலை

ஆற்றங்கரை மடத்தில் உச்சிவேளை மணி அடித்ததும், சமாதியில் இருக்கும் பெரிய சாமிக்கு முதல் இலை போட வேண்டும். அதற்குப் பிறகு வாசலில் நின்று, "பசிச்சவங்க உண்டுமா?" என்று கூப்பிட வேண்டும். வந்தவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மடத்துக்காரர்கள் சாப்பிட உட்காரலாம்.

இன்னொரு கட்டளையும் உண்டு. முதல் இலைக்கு யாரிடமும் எதையும் இரவல் வாங்கக் கூடாது. மடத்தில் இருப்பதை வை, இல்லாததை விடு. பெரிய சாமி சொல்லிவிட்டுப் போனது அது.

அந்த இலையைக் காலங்காலமாகப் போட்டுவந்தவர் வைத்தியலிங்கம் பிள்ளை. தலை நரைத்த மனிதர். பெரிய சாமி இருந்த காலத்திலேயே மடத்துக்கு வந்தவர். இப்போதைய சாமிக்கு அவர் மகன் வயதுதான். அதைக்கூடப் பிள்ளை பொறுத்துக்கொண்டார். ஆனால் ஆடி மாதம் அபரஞ்சி வந்து சேர்ந்தாளே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அபரஞ்சி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். அடுப்படி வேலைக்கு நின்றாள். பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தபோது முதல் இலையையும் அவளே போட்டாள். காய்ச்சல் விட்டு, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பிள்ளை இலையை எடுக்கப் போனார்.

"அவளே போடட்டும் பிள்ளைவாள்" என்றார் சாமி.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த வயிற்றெரிச்சல்.

"தேவாரத்துல ஒரு வரி தெரியுமா அவளுக்கு? கும்பிடத்தான் ஒழுங்காத் தெரியுமா?" என்று தொழுவத்துப் பசுவிடம் கேட்பார். அது என்ன சொல்லும், பாவம்.

போகட்டும், அழுமூஞ்சியாகவாவது இருந்தாளா? அதுவும் இல்லை. பால் திரிந்தாலும் சரி, பூனை தயிரை உருட்டினாலும் சரி, மேலே பார்த்து, "சரிப்பா, நீ குடுத்தா வாங்கிக்கிடுதேன்" என்பாள். அடுத்த வேலையைப் பார்ப்பாள். அதைக் கேட்டாலே பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் எழுந்திருக்குமுன் அவர் எழுந்தார். அடுக்கி வைத்திருந்த விறகின் மேல் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினார். உப்புச்சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழுவத்து வைக்கோலுக்குள் செருகினார். பிறகு சமாதிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நல்ல தியானம்!

"அண்ணாச்சி, ராத்திரி மழை பெஞ்சுதா?" அபரஞ்சி வந்து கேட்டாள். "வெறகெல்லாம் சொதசொதன்னு கெடக்கே."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் ஒறங்கிட்டேன்."

அவள் மேலே பார்த்தாள். "சரிப்பா" என்றாள். தோப்பில் விழுந்து கிடந்த ஓலையையும் மட்டையையும் இழுத்துவந்து அடுப்பு மூட்டினாள். புகையில் கண் சிவந்தது. ஆனாலும் உலை கொதித்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள்.

"அண்ணாச்சி, உப்புச்சட்டியைக் கண்டீயளா?"

"அடுப்படி ஒன் பொறுப்புல்லா? என்கிட்ட கேட்டா?"

பரணில் தேடினாள், உரலுக்குப் பின்னால் தேடினாள். அக்கம்பக்கத்தில் ஓடிப்போய்க் கேட்கவும் வழியில்லை. பருப்புச் சட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. பிள்ளை கதவோரம் நின்று பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அபரஞ்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிப்பா. ஒனக்குத்தானே முதல் இலை. ஒனக்கே உப்பு வேண்டாம்னா நான் என்ன செய்ய?"

மணி அடித்தபோது இலை போட்டாயிற்று. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கூட்டு. ஒன்றிலும் உப்பில்லை என்று அவளே சாமியிடம் சொன்னாள். சாமி தலையாட்டினார், அவ்வளவுதான்.

அன்றைக்கு வாசலுக்கு ஓடியவர் பிள்ளை. யாராவது ஒருத்தன் வந்து, வாயில் வைத்து, தூவென்று துப்ப வேண்டுமே! ஊர் முழுக்கக் கேட்கும்படி, "பசிச்சவங்க உண்டுமா?" என்று கத்தினார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பை. பிள்ளை அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார்.

வந்தவர் ஒரு வாய் வைத்தார். மென்றவர் நிறுத்தினார்.

"என்ன, உப்பில்லையோ?" பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"இல்லையே!" என்றார் அவர். அப்புறம் பொலபொலவென்று அழுதுவிட்டார். "டாக்டரு உப்பைக் கண்ணுலயே காட்டக் கூடாதுன்னுட்டாரு. நேத்துலேர்ந்து பஸ்ஸுல வாறேன். எந்த ஓட்டல்ல உப்பில்லாம சோறு போடுதான்? பட்டினிதான். தாயி, எனக்கு உப்பு ஆகாதுன்னு ஒனக்கு ஆரு சொன்னா?"

அபரஞ்சி மேலே பார்த்துக் கை கூப்பினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. அவன் காலையிலேயே உப்பை எடுத்து ஒளிச்சு வச்சுட்டான்."

வந்தவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிள்ளைக்கு அங்கே நிற்க முடியவில்லை. எடுத்து ஒளித்தது நான், பேர் அவனுக்கு, பெருமை இவளுக்கா? சாப்பிடாமலே ஆற்றுப் படித்துறைக்குப் போனார். சற்று நேரத்தில் சாமி கை கழுவ அங்கே வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"ஆண்டவன் இப்படி ஓரவஞ்சன செய்யலாமா? நேத்து வந்தவ அவ. அவளுக்கு வந்த கஷ்டங்கூட வரமா மாறிப் போவுது. நான் இத்தனை காலமா அவன் வாசல்ல கெடக்கேன். என்னைத் திரும்பிப் பாத்தானா?"

"அவளுக்கு இன்னைக்கு என்ன கஷ்டம் வந்துது?"

"வெறகு நனைஞ்சு போச்சு. உப்புச்சட்டியக் காணோம்."

"உமக்கு என்ன வந்துது?"

பிள்ளை யோசித்தார். "எனக்கு ஒண்ணும் வரல."

"அப்ப நல்லாத்தான் போச்சு உம்ம பொழுது."

"எங்க சாமி நல்லாப் போச்சு? வயிறு எரியுது. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்த இலை எனக்கு வேணும்."

பிள்ளையின் தோள்துண்டில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சாமி அதை எடுத்தார்.

"வலது கைய நீட்டும்."

பிள்ளை நீட்டினார். சாமி துரும்பை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

அது தொழுவத்து வைக்கோல் என்று பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவகிட்ட சொல்லிட்டீயளா சாமி?"

"இல்ல. உப்பை எடுத்த கையை அவ இன்னும் கும்பிட்டுக்கிட்டுல்லா இருக்கா."

அடுப்படியில் அபரஞ்சி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளை மூடிய கையைத் திறக்கவில்லை.

சாமி படியேறப் போனவர் நின்றார்.

"நாளையிலேர்ந்து முதல் இலை உமக்குத்தான் பிள்ளைவாள். அந்தக் கையாலயே போடும்."