சல்லடையின் மேல் நின்ற நெல்

“நம் தீவின் நெல் ஏன் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது, தாயே?”

கேட்டவர் வைரவநாதன். கடம்பத்தீவின் தானிய அதிகாரி. மலையேறி வந்ததில் அவருக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை.

வரப்பம்மா நாற்றங்காலுக்காகச் சேறு மிதித்துக்கொண்டிருந்தார். மிதிப்பதை நிறுத்தவில்லை.

அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. எப்போது போனாலும் வரப்பில்தான் இருப்பார், அதனால் வரப்பம்மா. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. ஆனாலும் தலை நரைத்தவர்கள்கூட அவரைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்கள். தீராத சிக்கல் வந்தால் அவரைத் தேடித்தான் போவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஆனால் போனவர் போன மாதிரியே திரும்பியதும் கிடையாது.

“எனக்கு நேரமில்லை, தாயே. நாளை மதியம் கப்பல் புறப்படுகிறது.”

“அப்படியானால் உட்காருங்கள், ஐயா.”

வைரவநாதன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். ஈர வரப்பைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

தோளில் தொங்கிய பையைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அவிழ்த்துக் காட்டினார். உள்ளே இந்த வருடத்து நெல். சீரகம் மாதிரி இருந்தது.

“இதுவா கடம்பத்தீவு நெல்? என் அப்பா காலத்தில் இதற்காகக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும். உலகச் சந்தையில் கடம்பத்தீவு என்றாலே முதல் தரம். இதை விற்றுத்தான் நமக்கு ரோடு வந்தது, மின்சாரம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. இப்போது மூன்று வருடமாக நெல் வாங்க ஒரு கப்பல்கூட எட்டிப் பார்க்கவில்லை. மழை குறையவில்லை. உரம் குறையவில்லை. நம் ஆட்களுக்குத்தான் உடம்பு வணங்கவில்லை.”

“எந்த ஆட்களுக்கு?”

“உழவர்களுக்கு. வேறு யாருக்கு?”

வரப்பம்மா ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவினார்.

“நல்ல நெல்லை எப்படிப் பிரிப்பீர்கள், ஐயா?”

வைரவநாதனின் முகம் மலர்ந்தது. அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

“சல்லடைக் கூடம்! நான் பொறுப்பேற்ற வருடம் துறைமுகத்தில் கட்டியது. கட்டில் அகலத்துக்கு ஒவ்வொரு சல்லடையும். தீவில் விளைந்த நெல் முழுவதும் அதில் ஏறித்தான் இறங்க வேண்டும். அப்படியொரு சட்டம் போட்டோம். மேலே நின்ற பெருநெல் கப்பலுக்கு. கீழே விழுந்தது நமக்கு. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெருநெல்கூட உள்ளூரில் தங்கியதில்லை. ஒன்றுகூட!”

“கீழே விழுந்ததை என்ன செய்வீர்கள்?”

“என்ன செய்வோம்? சாப்பிடுவோம்.”

“எல்லாவற்றையுமா?”

“எல்லாவற்றையும் எப்படிச் சாப்பிட முடியும்? அடுத்த போகத்துக்கு விதைக்கக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு...”

வாய் திறந்தபடியே நின்றது.

வரப்பம்மா மறுபடி சேற்றை மிதித்தார். சளக், சளக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

வைரவநாதன் உள்ளங்கையில் கிடந்த சீரக நெல்லை உற்றுப் பார்த்தார். வருடத்துக்கு இரண்டு போகம். இருபத்தாறு வருடம். சின்னதை விதைத்து, விளைந்ததில் பெரியதை அனுப்பி, மிஞ்சிய சின்னதை விதைத்து...

“யாராவது சொல்லியிருக்கலாமே!”

“சொல்லவில்லையா?”

அவர் யோசித்தார். காது மடல் சிவந்தது.

“ஒருமுறை ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஊருக்கு ஒரு கூடை பெருநெல் விதைக்கு வேண்டும் என்றார்கள்.”

“நீங்கள்?”

“டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.”

அவர் முடிச்சைக் கட்டி அவசரமாகப் பைக்குள் தள்ளினார்.

“சரி, தாயே. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். மருந்தும் நான்தான் கொண்டுவந்திருக்கிறேன். இதைப் பாருங்கள்.”

பளபளப்பான உறை. வாய் ஒட்டி, முத்திரை குத்தியிருந்தது. வெளியே ‘மகுடம் ஏழு’ என்று எழுதியிருந்தது. ஒரு மூலையைக் கிழித்து நாலைந்து நெல்லைக் கொட்டிக் காட்டினார். ஒவ்வொன்றும் விரல் நகம் நீளம். நுனி மட்டும் எறும்பின் தலைபோல் கறுத்திருந்தது.

“கடலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி. முன்பு நம்மிடம் நெல் வாங்கியவர்கள்தான். இப்போது விதை விற்கிறார்கள். பார்ப்பதற்கு நம்முடைய பழைய நெல் மாதிரியே இல்லை? ஆராய்ச்சி செய்து அப்படியே உண்டாக்கியிருக்கிறார்கள். மூளைக்காரர்கள்!”

“அதில் என்ன சிக்கல்?”

“விளைந்ததை நாம் விதைக்கக் கூடாதாம். போகத்துக்குப் போகம் அவர்களிடமே புதிதாக வாங்க வேண்டுமாம். அவர்கள் கப்பல் புறப்படும் முன், நாளை மதியத்துக்குள் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நெல்லைப் பற்றித் தெரிந்தவன் நீதான் என்று தீவுச் சபை என் தலையில் கட்டிவிட்டது. போடாவிட்டால் விதை இல்லை. வீட்டுக்கு வீடு குதிர் தைக்குள் காலியாகிவிடும். போட்டால் காலம் முழுக்க அவர்கள் கையைத்தான் பார்க்க வேண்டும். போடலாமா, வேண்டாமா? இதைக் கேட்கத்தான் மலையேறினேன்.”

வரப்பம்மா கால் கழுவிக்கொண்டு குடிசைக்குள் போனார். வரும்போது கையில் ஒரு பிடி அரிசி இருந்தது. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி.

நாற்றங்காலின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். அரிசியை ஒவ்வொன்றாகச் சேற்றில் பதிக்கத் தொடங்கினார்.

“என்ன செய்கிறீர்கள்?”

“விதைக்கிறேன்.”

“அரிசியையா!” வைரவநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தாயே, உமியை உரித்துத் தீட்டிய பிறகு அது எங்கே முளைக்கும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கைகொட்டிச் சிரிக்கும்.”

“உமி இருந்தால்?”

“உமி இருந்தால் முளைக்கும். இதிலென்ன...”

இரண்டாவது முறையும் வாய் திறந்தபடி நின்றது.

வரப்பம்மா இன்னோர் அரிசியைப் பதித்தார்.

“அந்தக் கம்பெனிக்காரர்கள் நெல்லாகத்தான் கேட்டார்கள்.” குரல் கீழே இறங்கிவிட்டது. “நம்மிடம் ஆலை இருந்தது. அரிசியாக்கியே தருகிறோம் என்றோம். வேண்டாம், உமியோடு கொடுங்கள் என்றார்கள். உமிக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுக்கிறான் பார், மடையன் என்று துறைமுகமே சிரித்தது.”

“நீங்களுமா?”

“நான்தான் ஆரம்பித்துவைத்தேன்.”

கையிலிருந்த நெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நம் நெல் மாதிரி இல்லை, தாயே. நம் நெல்லேதான்.”

விருட்டென்று எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுதும் சேறு.

“விடமாட்டேன். நாடு நாடாகப் போய் முறையிடுவேன். எங்கள் மண்ணில் விளைந்ததை எங்களுக்கே விற்கிறார்கள் என்று உலகமெல்லாம் கேட்கும்படி சொல்வேன்.”

“உங்கள் மண்ணில் விளைந்ததைக் காட்டுங்கள் என்பார்களே, ஐயா.”

வைரவநாதனின் கை பையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. காட்டுவதற்குப் பையில் இருந்தது அந்தச் சீரக நெல் மட்டும்தான்.

மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். பிறகு ஒப்பந்தப் பத்திரத்தை வெளியே எடுத்தார்.

“போட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை. ஒரு பிடி, ஒரே ஒரு பிடி நெல் நம்மிடம் மிஞ்சியிருந்தால் நிமிர்ந்து நிற்கலாம். மிஞ்சவில்லை. மிஞ்சாமல் பார்த்துக்கொண்டவனே நான்தான்.”

“அதில் என்ன எழுதியிருக்கிறது?”

“எல்லாம் வழக்கமானதுதான். ‘இந்த நெல் கம்பெனிக்கே உரியது. கம்பெனியிடம் வாங்காமல் இதைப் பயிரிடுபவர் திருடர்.’ இப்படி நாற்பது பக்கம்.”

“வாருங்கள்.”

குடிசைக்குப் பின்னால் சரிவில் ஆறு சின்ன வயல்கள். அறுப்புக்கு நின்ற பயிர். கதிர்கள் பாரம் தாங்காமல் தலை கவிழ்ந்திருந்தன.

வைரவநாதன் முதல் கதிரைப் பிடித்தார். இரண்டாவதைப் பிடித்தார். பிறகு நிலைகொள்ளாமல் வயலுக்குள் ஓடினார். எந்தக் கதிரைத் தொட்டாலும் விரல் நகம் நீளத்துக்கு நெல். எறும்பின் தலைபோல் கறுத்த நுனி.

“கம்பெனியிடம் முன்பே வாங்கிவிட்டீர்களா?”

“இல்லை.”

“யாராவது கொடுத்தார்களா?”

“இல்லை.”

“பிறகு எப்படி வந்தது?”

“திருடினேன்.”

“திருடினீர்களா? யாரிடம்?”

“உங்களிடம்தான், ஐயா.”

வைரவநாதன் பிடித்திருந்த கதிரை விட்டார்.

“உங்கள் சல்லடைக் கூடத்தில் முதல் மூன்று வருடம் சலித்தேன். தூசுக்காக எல்லாரும் முகத்தில் துணி கட்டியிருப்போம். உங்களுக்கு அடையாளம் தெரியாது.”

“ஆனால் வாசலில் சோதனை உண்டே! முந்தானையை உதறிக் காட்டாமல் ஒருத்தியும் வெளியே போக முடியாதே! நானே நின்று பார்ப்பேன்.”

“கொண்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை நீங்கள். ஒரு நாளைக்குப் பத்து நெல். ஐந்து பேர் சேர்ந்து எடுத்தோம். பெருநெல்லாகப் பார்த்து.”

“மற்ற நாலு பேர்?”

“மூன்று பேர் பயந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி உங்களிடம் பிடிபட்டாள்.”

அவருக்கு நினைவு வந்தது. மெலிந்த பெண். முந்தானையை உதறும்போது கொண்டை தானாக அவிழ்ந்து ஒன்பது நெல் உதிர்ந்தது. ஆறு மாதச் சிறை. சோதனையில் கில்லாடி என்று அன்று சபை அவருக்கு மாலை போட்டது.

“அவள் பெயர்...”

“செவ்வந்தி. சிறையிலிருந்து அவள் வரவில்லை.”

காற்று அடித்தது. ஆறு வயல்களும் சரசரத்தன.

“உங்கள் பத்திரத்தில் திருடிக்கு என்ன தண்டனை, ஐயா?”

அவர் பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“படித்தீர்களே.”

“பயிரை உழுது அழிக்க வேண்டும்.”

“யார் உழ வேண்டும்?”

“கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு.”

வரப்பம்மா வயலோரத்து மரத்தடிக்குப் போனார். நுகம் பூட்டிய இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கலப்பை. அதை வயலின் விளிம்பில் இறக்கி, அதன் பிடியை வைரவநாதனின் கையில் கொடுத்தார்.

“போடுவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். போட்டுவிட்டு இதற்காக இன்னொரு தடவை மலையேற வேண்டாம். இப்போதே முடித்துவிட்டுப் போங்கள்.”

“தாயே...”

வரப்பம்மா மாட்டின் முதுகில் லேசாகத் தட்டினார்.

மாடுகளுக்கு ஒப்பந்தமும் தெரியாது, கம்பெனியும் தெரியாது. பிடித்தவர் யார் என்றும் தெரியாது. ஓர் அடி எடுத்து வைத்தன. கொழு மண்ணைக் கிழித்தது. முதல் தூர் வேரோடு சாய்ந்தது.

“ஹோ! ஹோ! நில்! நில்!”

மலையே அதிரும்படி யாரோ கத்தினார்கள். மரத்திலிருந்த காகங்கள் பறந்தன.

கத்தியது தான்தான் என்று வைரவநாதனுக்குத் தெரியச் சற்று நேரம் ஆயிற்று. அப்போது அவர் கலப்பைக்கும் மாடுகளுக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தார். சாய்ந்த தூரை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தார். அவருக்குக் கீழே எங்கோ பத்திரத்தின் நாற்பது பக்கங்களும் நசுங்கிக் கிடந்தன.

வரப்பம்மா இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்து நீட்டினார்.

“அறுக்கத் தெரியுமா, ஐயா?”

“தெரியாது” என்றார் கடம்பத்தீவின் தானிய அதிகாரி.