வெள்ளை நாயும் கறுப்புப் பொட்டும்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு டாக்டர் பர்வீன். சங்ககிரிப் பக்கம் ஒரு சின்னப் பிராணிகள் ஆஸ்பத்திரியில் நாய், பூனைகளின் புற்றுநோய்க்குச் சூட்டு வைத்தியம் பார்த்துவந்தார். சீடர் டாக்டர் தீர்த்தகிரி. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே நோட்டும் பேனாவுமாக வந்து, "எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்க மேடம்" என்று நின்றார். வீட்டில் சும்மா இருந்தால் தினமும் சண்டை வருகிறது என்பதும் ஒரு காரணம். அதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மனிதர் தங்கமானவர். கோபம்தான் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

வைத்தியம் இதுதான். கண்ணுக்கே தெரியாத பொன் துகள்களை ஊசி வழியாக ரத்தத்தில் விடுவார்கள். நானோ துகள் என்று பெயர். புற்றுக்கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி, எங்கு பார்த்தாலும் ஒழுகும். அந்த ஓட்டைகள் வழியே துகள்கள் கட்டிக்குள் போய்த் தங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வெளியிலிருந்து ஒருவகை வெளிச்சத்தைக் காட்டினால் உள்ளே பொன் சூடாகும். கட்டி வெந்துபோகும்.

அந்தத் திங்கட்கிழமை செங்கோடன் என்ற லாரி டிரைவர் ஒரு வெள்ளை நாயைக் கொண்டுவந்தார். ராஜபாளையத்துக்கு லோடு ஏற்றப் போன இடத்தில் குட்டியாகக் கிடைத்ததாம். இப்போது ஆறு வயது. பின்னங்கால் தொடையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி.

"பேர் என்ன?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"கிளீனருங்க."

"நாய் பேரைக் கேட்டேன்யா."

"அதுதானுங்க பேரு. கிளீனர் சீட்டுல உக்காந்துதானுங்க வருவான். ரெண்டு வருசமா நான் வேற கிளீனர் வச்சுக்கல."

ஏற்கெனவே இரண்டு டாக்டர்கள் காலை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். தீர்த்தகிரிக்கும் அதுவே சரியென்று பட்டது.

"மூணு கால்ல நாய் நல்லாவே ஓடும்யா. நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

"ஓடுவானுங்க. பத்து டயர் வண்டிங்க, கேபினுக்கு எப்படிங்க ஏறுவான்?"

"நீதான் தூக்கி விடணும்."

"தூக்கி விடுவனுங்க. அப்புறம் அவன் மூஞ்சிய என்னால பாக்க முடியாதுங்க."

பர்வீன் கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "செய்யலாம். கேக்கலைன்னா காலை எடுக்கத்தான் வேணும். அதுக்குத் தயாரா இருங்க" என்றார். அன்றே ஊசி ஏறியது. தங்கத்தையா போடுகிறீர்கள் என்று செங்கோடன் வாயைப் பிளந்தார்.

மறுநாள் தீர்த்தகிரி தன் சந்தேகத்தைக் கேட்டார்.

"மேடம், அந்த வெளிச்சத்துக்கு எது புற்று, எது நல்ல சதைன்னு எப்படித் தெரியும்?"

 பர்வீன் இருவருக்கும் கண்ணாடி மாட்டி, கருவியைப் போட்டு, தீர்த்தகிரியின் உள்ளங்கையில் வெளிச்சத்தைக் காட்டினார்.

"சுடுதா சார்?"

"இல்ல. லேசா வெதுவெதுன்னு இருக்கு."

"உங்க கை அதைப் புடிச்சு வச்சுக்கல. விட்டுடுச்சு."

தீர்த்தகிரி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: 'வெளிச்சம் படும் இடத்தில் கறுப்பு கூடாது. கறுப்பு வெளிச்சத்தைக் குடிக்கும். தோல் வெந்துவிடும்.' பர்வீன் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அன்று சாயங்காலம் பர்வீன் கிளம்பிய பிறகு, தீர்த்தகிரியே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்திருந்த கிளீனரின் தொடை ரோமத்தை மழித்துச் சுத்தம் செய்தார். நக்கிவிடாமல் இருக்க மேலே துணி சுற்றிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை கிளீனரை மேசையில் ஏற்றினார்கள். செங்கோடன் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று தன்னையே தேற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தீர்த்தகிரி பார்த்தார். துணி முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, மழித்த வெள்ளைத் தோலில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

"யார் வச்சது இது?"

"நாந்தானுங்க. திருஷ்டிக்கு. வண்டிக்கும் வைப்பமுங்க. காலைல வந்ததுமே..."

"அறிவு இருக்காய்யா உனக்கு? கறுப்பு அந்த வெளிச்சத்தை அப்படியே குடிக்கும். தோலு பொசுங்கிப் போயிருக்கும். லாரிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதா? இப்படி ஒரு மூடத்தனம் புடிச்ச ஆளு கையில நாயைக் குடுத்தவன் எவன்?"

 செங்கோடனின் கை நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தது. நாய் பயந்துபோய் அவர் கக்கத்தில் முகத்தைப் புதைத்தது.

பர்வீன் மயக்க ஊசி போட்டார். நாய் கண் செருகியதும் துணியை அவிழ்த்தார்.

கட்டியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம். கறுப்பு மார்க்கரில் போட்டது. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வெட்ட வேண்டிய இடத்தை வட்டமிட்டு வைப்பது தீர்த்தகிரியின் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். நோட்டில் எழுதியது புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

செங்கோடன் எட்டிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏனுங்க, இது யாரு வச்சதுங்க?"

தீர்த்தகிரி சட்டைப்பையில் இருந்த மார்க்கரைக் கையால் மூடிக்கொண்டார்.

"அதுவும் திருஷ்டிக்குத்தாங்க" என்றார் பர்வீன்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொட்டைத் துடைத்தார். அதே பஞ்சைத் திருப்பி வட்டத்தையும் துடைத்தார். தோல் பழைய வெளுப்புக்கு வரும்வரை விடவில்லை. பிறகு செங்கோடனிடம், "திருஷ்டிப் பொட்டு வேணும்னா உள்ளங்காலுல வைங்க. அங்க நாங்க வெளிச்சம் காட்ட மாட்டோம்" என்றார். செங்கோடன் சட்டைப்பையிலிருந்து மை டப்பியை எடுத்து, பயபக்தியோடு கிளீனரின் முன்னங்கால் அடியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

வெளிச்சம் காட்டினார்கள். கட்டிக்குள் குத்திய உஷ்ணமானி ஊசியின் எண் மெதுவாக ஏறியது. அதை வாசித்துச் சொல்வது தீர்த்தகிரியின் வேலை. அவர் குரல் அன்று எழும்பவே இல்லை.

ஒரு வாரத்தில் கட்டி கறுத்துச் சுருங்கியது. மூன்றாம் வாரம் பொருக்காகி உதிர்ந்தது. ஒவ்வொரு முறை செங்கோடன் வரும்போதும் தீர்த்தகிரிக்கு மருந்து அறையில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். 

ஆறாவது வாரம் கட்டி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு தழும்பு மட்டும்தான் இருந்தது. சதையை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா கொண்டுவந்து காட்டுங்க. இப்போ வண்டியில ஏத்தலாம்" என்றார் பர்வீன்.

"நான் எதுக்குங்க ஏத்தறேன்?" என்று சிரித்தார் செங்கோடன்.

வாசலில் லாரி நின்றது. கதவைத் திறந்துவிட்டு அவர் நகர்ந்துகொண்டார். கிளீனர் படியைப் பார்த்தது, மனிதர்களைப் பார்த்தது. ஒரு எம்பு. முன்னங்கால் சீட்டில், பின்னங்கால் படியில். இன்னொரு எம்பில் தன் சீட்டில் உட்கார்ந்து, சன்னல் வழியே எல்லாரையும் அதிகாரமாகப் பார்த்தது. செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீர்த்தகிரி அன்று ஒளியவில்லை. லாரி வரைக்கும் போனார்.

"செங்கோடா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னிக்குங்க?"

"அதான்யா, அந்தப் பொட்டு..."

செங்கோடன் நினைவுபடுத்திப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் வரவில்லை. "எதைச் சொல்றீங்கன்னே தெரியலீங்களே" என்றவர், சேலத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பை மாம்பழத்தை அவர் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

தீர்த்தகிரி பையோடு உள்ளே வந்தார். பர்வீன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு ஞாபகமே இல்ல மேடம். எனக்கு ஆறு வாரமா உள்ள சுட்டுக்கிட்டே இருக்கு. திட்டினது நான், திட்டு வாங்கினது அவர். எனக்கு ஏன் சுடுது?"

பர்வீன் ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்தார்.

"வெளிச்சத்துக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே சார். அதுக்குத் தெரியாது. அன்னிக்குப் பேசின பேச்சும் ரெண்டு பேர் மேலயும் ஒண்ணாத்தான் விழுந்துச்சு. அவர் விட்டுட்டார்."