வயரைப் பிடுங்கினாலும் பச்சை

ஆவுடையப்பன் கறுப்புக் கோட்டைக் கழற்றினாரே தவிர சந்தேகத்தைக் கழற்றவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். கல்லூரியில் ஆசையாகப் படித்து உத்தியோகத்தில் மறந்துபோன கம்ப்யூட்டரை ஐம்பது வயதுக்குமேல் மறுபடி கையில் எடுத்தார். பால் பாக்கெட்டைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார். உறியில் அவரைச் சேர்த்துக்கொண்டதற்கே அந்தக் குணம்தான் காரணம்.

உறி ஒரு மென்பொருள். ஃபைல்கள் எங்கோ தூரத்து சர்வரில் கிடக்கும். நம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் இருப்பதுபோல உறி காட்டும். பெயர் தெரியும், அளவு தெரியும். திறந்தால்தான் உள்ளே இருப்பது இறங்கிவரும். புதிதாக ஒன்றைப் போட்டால், நம் கம்ப்யூட்டரில் கையோடு ஒரு படி, அதாவது நகல், வைத்துக்கொண்டு மேலே சர்வருக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்ததும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். இலவசம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம்.

அதைப் பராமரிப்பவர் காந்திமதி. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர், ஆவுடையப்பனைவிட ரொம்ப இளையவர். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவருக்கு ஓர் அறை. கற்றுக்கொடுப்பவரை ஆவுடையப்பன் டீச்சர் என்பார். கற்றுக்கொள்பவரை காந்திமதி அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

ஆவுடையப்பனுக்கு வேலை டெஸ்ட் எழுதுவது, அதாவது உறி சரியாக நடக்கிறதா என்று தானாகச் சோதித்துச் சொல்லும் நிரல் எழுதுவது. எந்தத் திருத்தம் வந்தாலும் அவர் படித்துச் சரி சொல்லி, அவருடைய டெஸ்ட் ஓடி, எல்லாம் பச்சையாக வந்தால்தான் வெளியே போகும். காலையில் காபியோடு அந்தப் பச்சை வரிசையைப் பார்த்துவிட்டால் அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

டீ குடிக்கும் நேரத்தில் ரயில் கதை சொல்வார். கழிப்பறைக்குள் ஒளிந்தவன், நேற்றைய டிக்கெட்டை மடித்துக் காட்டியவன், தூங்குவதுபோல நடித்தவன் என்று எல்லாரையும் பிடித்த கதைதான். ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் குரல் இளகும்.

"மதுரை பாசஞ்சர்ல ஒருத்தர் உண்டும் டீச்சர். நான் ஏறுனதும் எந்திச்சு வணக்கம் வைப்பாரு. சன்னலோரத்துல துண்டு போட்டு எனக்கு இடம் பிடிச்சு வச்சிருப்பாரு. எத்தனை வருசம். அப்படி மரியாதை தெரிஞ்ச ஆள இப்பம் எங்க பாக்கது."

காந்திமதி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை புகார் வந்தது. செல்வின் என்று தூத்துக்குடியில் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர். "படம் எல்லாம் கறுப்பா வருது. பேரு இருக்கு, அளவு இருக்கு, பச்சை டிக்கும் இருக்கு. அந்த டிக்க நம்பித்தான் கேமரா கார்ட அழிச்சேன். பொண்ணு வீட்டுல ஆல்பம் கேக்காங்க. தாலிய மறுபடி கட்டச் சொல்லவா?"

ஆவுடையப்பன் உடனே டெஸ்ட்டை ஓட்டினார். எல்லாம் பச்சை. அப்படியானால் உறியில் கோளாறு இல்லை, யாரோ ஒருவர் கைவரிசை காட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினார்.

கடைசியாகத் திருத்தம் அனுப்பியிருந்தது சிட்டு. அது புனைபெயர். படம் கிடையாது, ஊர் கிடையாது, இரண்டு வரிக்குமேல் பேச்சும் கிடையாது. சிட்டு என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம், ரயில் பெட்டியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருப்பவனைப் பார்ப்பதுபோலவே ஆவுடையப்பனுக்கு இருக்கும்.

அன்று மதியம் புகார்ப் பக்கத்துக்கு அந்தச் சிட்டுவிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. "செல்வின் உடனே கம்ப்யூட்டரை அணைக்கட்டும். புதிதாக எதையும் போட வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன்."

வெளியார் எழுதுவதை ஆவுடையப்பன் அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும். அவர் அனுமதிக்கவில்லை. எதற்காக அணைக்கச் சொல்கிறான்? எதை மறைக்கப் பார்க்கிறான்? கழிப்பறைக் கதவுக்கடியில் ஒரு செருப்பு தெரிந்தால் வருமே ஒரு சந்தோஷம், அது வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு வந்தது.

செவ்வாயும் புதனும் சிட்டு அதுவரை எழுதிய எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது.

வியாழக்கிழமை காலை மாடியேறினார்.

"டீச்சர், சிட்டுவ வெளியேத்தணும். இனிமே அவன் எழுதுத எதையும் உள்ள விடக்கூடாது."

"என்ன செஞ்சாங்க?"

"என்ன செஞ்சான்னு தெரியல. அதான் பயமா இருக்கு."

"திருத்தத்துல தப்பு இருந்திச்சா?"

"இல்ல. ரெண்டு நாளா பாக்கேன். அவ்வளவு சுத்தமா எழுதுத ஆள எப்படி நம்புதது?"

காந்திமதி சிரிக்கவில்லை. "நம்ம டெஸ்ட் என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"எல்லாம் பச்சை."

"ஓட்டுங்க, பாப்போம்."

ஆவுடையப்பன் ஓட்டினார். டெஸ்ட் ஒரு ஃபைலை உறிக்குள் போடும். மேலே போய்விட்டதா என்று கேட்கும். பிறகு அதைத் திறந்து, போட்டதும் வந்ததும் ஒன்றுதானா என்று எழுத்துவிடாமல் ஒப்பிடும். இப்படி விதவிதமான ஃபைல்கள். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் என்பதுபோல அவர் திரும்பிப் பார்த்தார்.

காந்திமதி எழுந்தார். மேஜைக்குப் பின்னால் குனிந்து நெட் வயரைப் பிடுங்கினார். அந்த அறையில் நெட்டுக்கு அது ஒன்றுதான் வழி. வயரைக் கொண்டுவந்து ஆவுடையப்பனின் மடியில் வைத்தார்.

"இப்பம் ஓட்டுங்க."

"வயரு இல்லாம சர்வருக்கு எப்படி டீச்சர் போவும்?"

"ஓட்டுங்க அண்ணாச்சி."

அவர் ஓட்டினார். முதல் வரி பச்சை. அடுத்ததும் பச்சை. போட்டது, மேலே போய்ச் சேர்ந்தது, இறங்கி வந்தது, ஒப்பிட்டது எல்லாம் பச்சை. மடியில் வயர் கிடந்தது. ஆவுடையப்பன் அதன் நுனியைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டினார். பச்சை.

கீழே ஜெராக்ஸ் மெஷின் சத்தம் கேட்டது.

"எங்க போயிட்டு வருது இது?" என்றார்.

"எங்கயும் போவல. போயிட்டா இல்லியான்னு உறிகிட்டயே கேட்டீங்க. போயிட்டுன்னு சொல்லுது. திறந்து காட்டுன்னு உறிகிட்டயே கேட்டீங்க. கையில வச்சிருந்த படிய எடுத்து நீட்டுது."

"அப்பம் செல்வினுக்கு?"

"நெட்டு பாதியில அறுந்திருக்கும். டிக் மட்டும் விழுந்திருக்கும். பொறவு அவரு கம்ப்யூட்டர்ல இடம் குறைஞ்சிருக்கும். மேலதான் இருக்கேன்னு கையில இருந்த படிய உறி அழிச்சிருக்கும்."

"அழிச்சா மொத்தமா போயிருமா?"

"இல்ல. அழிச்சதும் டிஸ்க்குல கிடக்கத்தான் செய்யும். புதுசு போடப் போட அதுமேல எழுதிப் பழசு போவும். முதல் நாளே கம்ப்யூட்டர அணைச்சிருந்தா இருந்தத எடுத்திருக்கலாம்."

ஆவுடையப்பனுக்குத் திங்கட்கிழமைச் செய்தி ஞாபகம் வந்தது. சிட்டு எழுதியதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கே அது தோன்றத்தான் செய்தது. வயரைத் தானே செருகினார். நிறுத்திவைத்த செய்தியைத் திறந்து, திரையைக் காந்திமதி பக்கம் திருப்பினார்.

"திங்கக்கிழமையே வந்துட்டு. நான்தான் விடல."

"ஏன் விடல?"

"விளக்க அணைக்கச் சொல்லுதவன் எதுக்குச் சொல்லுவான்னு நெனச்சேன்."

காந்திமதி படித்தார். திட்டியிருந்தால் தேவலை. செல்வின் எண்ணைப் போட்டுப் போனை நீட்டினார். "நீங்களே பேசுங்க."

செல்வின் உடனே எடுத்தார். "கம்ப்யூட்டரு ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு. நேத்துகூட ஒரு வளைகாப்புப் படம் ஏத்துனேன். அணைக்கணுமா? யாரும் சொல்லலியே."

சாயங்காலத்துக்குள் மிச்சம் இருந்ததை மீட்டார்கள். பழசிலிருந்து அழிந்ததால் காலையில் எடுத்தது எல்லாம் போயிருந்தது. தாலி கட்டிய நேரத்துப் படம் ஒன்றுகூட இல்லை. பந்தி மட்டும் முழுசாக இருந்தது. இலையில் சாம்பார் ஊற்றுகிற படங்களை ஆவுடையப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சாப்பிடுகிறவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 

மறுநாள் தூத்துக்குடிக்குப் போய்ப் பெண்ணின் அப்பா முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்பதைக் காந்திமதியிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்து சிட்டுவின் செய்தியை வெளியே விட்டார். அதற்குக் கீழே, இதை நிறுத்திவைத்தது நான்தான், என்னை மன்னிக்க வேண்டும் என்று தன் பெயரோடு எழுதினார். சிட்டுவிடமிருந்து பதில் வந்தது. "சரி." அவ்வளவுதான். அது மன்னிப்பா கோபமா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு டெஸ்ட்டை மாற்றி எழுத உட்கார்ந்தார். இந்தமுறை உறியிடம் எதையும் கேட்கவில்லை. ஃபைலை உறிக்குள் போட்டுவிட்டு, தனி வழியாகப் போய் சர்வரின் கதவைத் தட்டி, வந்ததா என்று அங்கேயே கேட்டார். நடுவில் வேண்டுமென்றே நெட்டை அறுத்துப் பார்த்தார். பச்சை வரிசை நெடுகச் சிவப்பாயிற்று. வலியோடு ஒரு நிம்மதியும் வந்தது.

இனி, டிக்கை அவசரப்பட்டு விழவைத்தது யார்? பழைய திருத்தங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். போன வருஷத்துத் திருத்தம் ஒன்றில் வந்து நின்றார். சர்வர் பதில் சொல்லும்வரை காத்திருக்காமல், அனுப்பத் தொடங்கியதுமே டிக் விழும்படி மாற்றியிருந்தது. பயன்படுத்துகிறவர்கள் காத்திருந்து சலித்துக்கொள்கிறார்கள் என்று காரணமும் எழுதியிருந்தது. மேலே இருந்த பெயரை அவர் இரண்டாம் முறையும் படித்தார்.

மாடியேறிப் போனபோது காந்திமதி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், டிக்க முன்னால நகத்துனது நீங்க."

"ஆமா."

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"வயரப் பிடுங்குதப்பம் சந்தேகம். பச்சை விழுந்ததும் தெரிஞ்சிட்டு. நேத்தே திருத்திட்டேன். உங்க புது டெஸ்ட்ல போட்டுப் பாருங்க."

"அன்னைக்கு நீங்க அனுப்புனத நான் திறந்துகூடப் பாக்கல டீச்சர். சிட்டு அனுப்புனா வரிவரியா பாக்கேன். உங்க பேரப் பாத்ததும் விட்டுட்டேன்."

"தெரியும். அனுப்பிட்டு நிமிந்து பாக்குதக்குள்ள உங்க சரி வந்திட்டு. எனக்கு அன்னைக்குச் சந்தோஷமாத்தான் இருந்திச்சு."

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தேகம் ஒன்றுதான் தனக்கு வாய்த்த திறமை என்று நம்பி வாழ்ந்த மனுஷர். அதுவே இப்படிக் காலை வாரிவிட்டதில் அவருக்குத் திக்குத் தெரியவில்லை.

"சிட்டு யாருன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"நம்பலாமா?"

"எதுக்கு நம்பணும்? இப்பம்போல வரிவரியா பாருங்க."

"அப்பம் உங்களத் தவிர நான் யாரத்தான் டீச்சர் சந்தேகப்படாம விட்டேன்? நீங்களே சொல்லுங்க. இனிமே யார சந்தேகப்படணும்?"

காந்திமதி ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மதுரை பாசஞ்சர்ல உங்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்சு வைப்பாரே ஒருத்தர்."

ஆவுடையப்பனின் முகம் அந்த நிலையிலும் மலர்ந்தது. "ஆமா டீச்சர். தங்கமான மனுசன்."

"அவரு டிக்கெட்டு எந்த ஊரு வரைக்கும் அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் சொல்ல வாயெடுத்தார். அந்த ஆளின் சிரிப்பு ஞாபகம் வந்தது, துண்டின் கரை ஞாபகம் வந்தது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்த ஞாபகம் மட்டும் வரவில்லை.