சென்னியப்பன் ஆறு பார்த்த கதை

"நான் ஊருக்குக் கிளம்பறனுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

செங்கமலம் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். "ஏண்ணே?"

சீடருக்கு அறுபத்திரண்டு வயது, குருவுக்கு நாற்பத்தைந்துதான். அதனால் குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை அம்மா என்பார். சதுப்புநிலத் தேசியப் பூங்காவின் ஓரத்துக் குடிலில் மூன்று வருடமாக இப்படித்தான்.

"கோபத்தை உட்டுட்டேன்னு நெனச்சேன். அது என்னை உடலீங்க."

பேரனின் காதுகுத்துக்காக அரவக்குறிச்சி போய்வந்திருந்தார்.

"பத்திரிகையில என் பேரைப் போடலீங்க. சபையில வெச்சு மாப்பிள்ளையைப் பாத்துக் கத்திட்டேன்."

"பேரெல்லாம் வேண்டாம்னுதானே இங்க வந்தீங்க?"

"அதையேதானுங்க மாப்பிள்ளையும் கேட்டாரு. அதுக்கப்புறம்தான் கத்துனேன்."

செங்கமலம் சிரித்துவிட்டார். அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

"சிரிக்காதீங்கம்மா. எம் மக அழுதுட்டா. விசேசத்துக்கு முந்தின நாளுதான் ஆசையா இந்தப் போனை வாங்கிக் குடுத்தா. ஒன்பது நாளா சார்ஜ் போட்டு மடியிலயே வெச்சிருக்கேன். ஒருக்கா கூடக் கூப்பிடலை. இருக்கறது ஒரே புள்ளைங்க. அவளே என்னை வேண்டாம்னுட்டா."

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

செங்கமலம் போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அரிவாள்மனையை ஓரமாக வைத்தார்.

"காட்சிமேடைக்குப் போயிட்டு வருவோம், வாங்க."

"அது டூரிஸ்ட்டுக ஏறற எடமுங்க. எனக்கெதுக்கு?"

"வாங்கண்ணே."

துடுப்புப் படகில் அரைமணி நேரம். அதன்பின் செங்குத்தான இரும்புப் படிகள். சென்னியப்பன் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

மேலே ஏறியதும் முனகல் நின்றது.

சுரபுன்னைக் காட்டுக்குள் ஆறு நாலாகப் பிரிந்து கிடந்தது. கரையெல்லாம் நாரைகள். அழகென்றால் அழகு, அப்படியோர் அழகு.

ஆனால் அங்கே நின்ற இரண்டு படகோட்டிகள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தாங்கம்மா, இத்தனை அழகை வெச்சுக்கிட்டு இவங்களைப் பாருங்க!"

"அவங்களுக்கு அவங்க வேலை."

சென்னியப்பன் மறுபடி ஆற்றைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"கடலு எந்தப் பக்கமுங்க?"

"கிழக்கே."

"தண்ணி மேக்கேயில்ல போகுது!"

அரவக்குறிச்சிக்காரருக்கு ஆற்றில் தண்ணீர் வருவதே அதிசயம். வந்த தண்ணீர் திரும்பிப் போவதை அவர் எங்கே கண்டார்?

அவர் முகம் மலர்ந்தது. "புரிஞ்சுபோச்சுங்கம்மா! ஆறே வந்த வழி திரும்புது. அப்புறம் நான் எம்மாத்திரம்?"

"கடல் தண்ணி ஏறுதுண்ணே. மத்தியானம் வத்திடும்."

"இதைக் காட்டத்தானே கூட்டியாந்தீங்க?"

"இல்லையே."

சென்னியப்பன் விழித்தார்.

அப்போது அவர் மடியில் போன் சிணுங்கியது. நின்றது. மறுபடி சிணுங்கியது. அப்புறம் நிற்கவே இல்லை. தேள் கொட்டியதுபோலத் துள்ளி, அதை வெளியே எடுத்தார்.

பூங்கொடி அழைத்தாள். பூங்கொடி அழைத்தாள். பூங்கொடி அழைத்தாள். திரையைத் தள்ளத் தள்ள மகள் பெயராகவே வந்தது. முதல் அழைப்பு, அவர் குடிலுக்குத் திரும்பிய அன்றைக்கே.

"நம்ம குடில்ல டவர் எடுக்காதுண்ணே," என்றார் செங்கமலம். "இந்தப் பூங்காவுல யாரு போன் பேசணும்னாலும் இங்கதான் ஏறி வரணும்."

சென்னியப்பன் போனிலிருந்து நிமிர்ந்தார். "அங்கியே சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்திருப்பீங்க. படகு தாங்காது."

அவருக்கு எந்தப் பித்தானை அழுத்துவதென்று தெரியவில்லை. குருதான் அழுத்திக் கொடுத்தார்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் பூங்கொடி எடுத்துவிட்டாள்.

"அப்பா! எங்கப்பா போனீங்க? ஒன்பது நாளா எனக்குச் சோறு எறங்கலைப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் படகோட்டிகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் மேடையின் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, மாப்பிள்ளைகிட்டப் போனைக் குடு."