தவிட்டுப் பானை

"அம்மா, இந்தப் பானையில எவ்வளவு விழுது?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"தெரியாது அண்ணாச்சி."

"எவ்வளவு போகுது?"

"அதுவும் தெரியாது."

ஆவுடையப்பன் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

முப்பத்துநாலு வருஷம் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு சங்கத்தில் குண்டூசி டப்பா ஒன்று குறைந்ததற்கு மூன்று பக்கம் எழுதியவர். மனசு அடங்க வேண்டும் என்று தாமிரபரணிக் கரை மடத்துக்கு வந்து சேர்ந்தால், இங்கே இப்படி ஒரு பானை.

மடத்தின் குரு நாச்சியாரம்மா. சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஊர் வழக்கப்படி சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

பானை வாசலில் இருந்தது. உள்ளே முக்கால்வாசி தவிடு. வெள்ளிக்கிழமை சாயந்திரப் பூசைக்கு வருகிறவர்கள் கையை மூடி உள்ளே விடுவார்கள், மூடியபடியே வெளியே எடுப்பார்கள். இருக்கிறவர் போடலாம். இல்லாதவர் எடுக்கலாம். தவிட்டில் காசு விழுந்தால் சத்தம் வராது. எல்லார் கையிலும் தவிடு ஒட்டியிருக்கும்.

மிஞ்சியதை வைத்து மடம் நடந்தது.

"யாராவது மொத்தமா வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டா?"

"ரெண்டு தடவை போயிருக்காங்க."

"ஆள் யாருன்னு பார்க்கலியா?"

"அந்த வாரம் சுண்டல் போடல. அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் மேலே கையைக் காட்டினார். கூரையில் நான்கு இடத்தில் வானம் தெரிந்தது.

"ஓடு மாத்தக் காசில்ல. இங்க களவு போகுது. இனிமே போடுதவங்க போன்ல போடட்டும்மா. யார் போட்டா, எப்பப் போட்டா, எல்லாம் பதிவாயிரும். ஒரு பைசா எங்கயும் போகாது."

"எடுக்கிறவங்க?"

"பானை அது பாட்டுக்கு இருக்கட்டும். வர்ற பணத்துல கொஞ்சம் நானே அதுல போட்டு வைக்கேன். யாருக்கும் ஒரு குறையும் வராது."

நாச்சியாரம்மா பானையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"செஞ்சு பாருங்க அண்ணாச்சி. என்ன ஆகும்னு எனக்கும் பார்க்கணும் போல இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை வாசல் தூணில் க்யூஆர் அட்டை தொங்கியது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.

"ரூபாய் இருநூறு பெறப்பட்டது" என்று தேவாரத்துக்கு நடுவே அது பேசியது.

ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. அரிசிக் கடை குலசேகரம் ஐநூறு போட்டுவிட்டு, பெட்டி சொல்லி முடிக்கும் வரை நகராமல் நின்றார். பின்னால் வந்தவர் அறுநூறு போட்டார்.

மூன்றே மாதத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, நல்ல ஓடு.

ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னால் ஆவுடையப்பன் சந்தோஷமாக வந்தார்.

"அம்மா, பானையில இருந்து எடுக்கது குறைஞ்சுக்கிட்டே வந்து, போன வாரம் ஒரு ரூபாகூடப் போகல. நான் வச்ச பணம் வச்சபடி இருக்கு. ஊர்ல கஷ்டப்படுதவங்க யாரும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"அப்படியா?" என்றார் நாச்சியாரம்மா. "ஒரு காரியம் செய்யுங்க. பானைக்குள்ள கையை விட்டு எடுங்க. தட்டாம, துடைக்காம, எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"கொம்பையா டீ நல்லா இருக்கும்."

ஆவுடையப்பன் ஒரு நூறு ரூபாய்த் தாளை மடித்துப் பானைக்குள் போட்டார். கையைத் தட்டாமல் தெருவைத் தாண்டினார்.

டீக்கடைக் கொம்பையா அவர் கையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பென்ஷன் வரலியா?"

"ஒண்ணாந்தேதியே வந்துட்டுதே."

"வீட்ல யாருக்கும் முடியலியா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. ஏன் கேக்கீங்க?"

கொம்பையா பெரிய டம்ளரில் டீயை ஊற்றினார். பக்கத்தில் ஒரு பன்னையும் வைத்தார். காசை நீட்டியபோது வாங்கவில்லை.

"இருக்கட்டும். பெறவு பாத்துக்கிடலாம்."

"ஏய்யா, நான் பானையில பணம் போட்டுட்டு வாறேன்."

"சரி அண்ணாச்சி."

"நெசமாத்தான் போட்டேன்."

"போடுதவங்கல்லாம் போன்லல்லா போடுதாங்க. இப்ப கையில தவிடுன்னா..." கொம்பையா நிறுத்திக்கொண்டார்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். இத்தனை நாளில் ஒருநாளும் விட்டதில்லை.

"நீங்களாவது பரவால்ல" என்றார் கொம்பையா. "தையல்காரச் செண்பகவல்லி ரெண்டு வாரம் முந்தி இதே மாதிரி கையோட வந்துச்சு. நான் சும்மா இருக்காம, 'என்னம்மா கஷ்டம்'னு எல்லார் முன்னாடியும் கேட்டுத் தொலைச்சேன். பாவம்னுதான் கேட்டேன். கையைச் சேலையில மறைச்சுக்கிட்டுப் போச்சு. பெறவு பானைப் பக்கமே போகல."

"அவங்களுக்கு என்ன?"

"வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரம் ரெண்டு தடவை டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். வைத்தியம் சும்மாதான், ஆட்டோவுக்குத்தான் காசு. நேத்து கூட்டிட்டுப் போகல. நாளைக்கும் போகலன்னா மனுசன் தாங்க மாட்டாரு."

ஆவுடையப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஒரு பன்னுக்கே அவருக்கு அப்படி வெட்கமாக இருந்தது.

மடத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. கடைசித் தூணில் சாய்ந்து செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். பானையைப் பார்த்தாள். பிறகு பார்வையை மாற்றிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க அண்ணாச்சி?" என்றார் நாச்சியாரம்மா, மெதுவாக.

"அந்தம்மாகிட்ட..."

"எல்லார் முன்னாடியுமா?"

பர்ஸ் பைக்குள் திரும்பிப் போனது.

"அப்ப அந்த அட்டையையும் பெட்டியையும் கழட்டிருதேன்."

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நாச்சியாரம்மா அண்ணாந்து பார்த்தார்.

"கூரை ஒழுகலியே அண்ணாச்சி."

"பின்ன என்னதாம்மா செய்ய?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பூசை முடிந்தது. வெள்ளிக்கிழமைச் சுண்டல் ஆவுடையப்பன் பொறுப்பு. அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு போய் நின்றார். வரிசையில் முதல் ஆள் குலசேகரம்.

"கையைக் காட்டுங்க" என்றார் ஆவுடையப்பன்.

குலசேகரம் காட்டினார். சுத்தமான கை.

"தவிடு எங்க?"

"நான் போன்ல போட்டுட்டேனே. பெட்டி சொல்லிச்சே."

"கேட்டுது. தவிடு இல்லாத கைக்குச் சுண்டல் கிடையாது."

"பானையில போட என்கிட்ட ஒண்ணும் இல்லியே."

"சும்மா கையை விட்டு எடுங்க."

"இது யார் போட்ட சட்டம்?"

"நான் போட்டது. இப்பதான்."

குலசேகரம் திரும்பி நாச்சியாரம்மாவைப் பார்த்தார். அவர் அதற்குள் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தார்.

குலசேகரம் முணுமுணுத்துக்கொண்டே பானைக்குப் போனார். வரிசை மொத்தமும் அவர் பின்னால் வளைந்தது. என்ன கூட்டம் என்று பார்க்க வந்த கொம்பையா, ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, முழங்கை வரை கையை விட்டு எடுத்தார்.

கடைசித் தூணிலிருந்து செண்பகவல்லியும் எழுந்து வந்தாள்.

அவள் கை பானைக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஆவுடையப்பன் அண்டாவுக்குள் குனிந்து தேங்காய்த் துண்டு தேடிக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு கையை நீட்டினாள். எல்லார் கையிலும் இருந்த தவிடுதான். இன்னொரு கை மூடியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தொன்னையில் ஒரு கரண்டி போட்டார். அப்புறம் இன்னொரு கரண்டி.

கடைசியாக நாச்சியாரம்மா வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பானையில எவ்வளவு விழுந்திருக்கும், எவ்வளவு போயிருக்கும்?"

"கையைக் காட்டுங்கம்மா" என்றார் ஆவுடையப்பன்.