பதினேழாம் வருஷத்துச் சில்வண்டுகள்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, கருங்கோட்டை ராஜாவின் எல்லையோரத்தில் தினைப்பட்டி என்று ஒரு ஊர். சுற்றிலும் மூன்று மலை, மூன்று ஓடை, கண்ணுக்கு எட்டிய மட்டும் தினை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தொண்டைதான் பெருமை. பரண்மேல் நின்று "ஆலோலம்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், மூன்று மலைக்கு அப்பால் இருக்கும் கிளியும் பறந்துவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, "எங்க, பொண்ணை ஒரு ஆலோலம் போடச் சொல்லுங்க, கேப்போம்" என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஊரில் செங்காயி என்று ஒருத்தி. நல்ல வாய்க்காரி. அவளுக்கு ஒரே மகள், மூன்று வயசுத் தேனு. ஒரு கிண்ணம் களி ஊட்டி முடிப்பதற்குள் அம்மாவை மூன்று தெரு சுற்றவைக்கும் பிள்ளை.

அந்த வருஷம் தினை நன்றாகக் கதிர் வாங்கியது. பறவைகளும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கத்திக் கத்தி ஊரே அலுத்துப்போன ஒரு மத்தியானம், ஒற்றைக்காலில் மட்டும் செருப்புப் போட்ட மந்திரவாதி ஒருவன் வந்தான். தோளில் ஒரு மண்பானை.

"இனி ஒரு குருவிகூட உங்கள் தினையைத் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

"கூலி என்னங்க கேப்பீங்க?" என்றார் ஊர் மூப்பர்.

"பொன் வேண்டாம், பொருள் வேண்டாம். உங்கள் ஆலோலத்தைக் கொடுங்கள். பறவையே வராதபோது அது உங்களுக்கு எதற்கு?"

ஊரே சிரித்தது. "கத்தறதையா கேக்கறான்? கிறுக்கன், எடுத்துட்டுப் போகட்டும்!" என்று வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பானை வாய்க்குள் கத்தினார்கள். செங்காயியும்தான் கத்தினாள். கத்தி முடித்தவர்கள் மறுபடி கத்திப் பார்த்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. அவன் பானை வாயைத் துணியால் இறுகக் கட்டி, ஊர்க்கோடி வாகைமரத்தடியில் புதைத்தான்.

அன்றைக்கே பறவைகள் அடங்கிவிட்டன. அவை எங்கும் பறந்து போகவில்லை, அதுதான் வினோதம். காகமும் மைனாவும் கிளியும் கரிச்சானும் கிளைக்குக் கிளை அப்படியே உட்கார்ந்திருந்தன. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. யாரோ காதுக்குள் விடாமல் கத்துவதுபோல உடம்பு மட்டும் நடுங்கியது.

"பாக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு. தினை தப்பிச்சுதே, அது போதும்" என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டது.

பதினேழு வருஷத்துக்கு ஒருமுறை அந்த மலைச்சீமையில் மண்ணுக்குள்ளிருந்து சில்வண்டுகள் எழும்பி வரும். மரமேறும், முதுகு பிளந்து கூட்டைக் கழற்றும், காது கிழியக் கத்தும். பறவைகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு. மூன்று வாரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். அது அந்தப் பதினேழாம் வருஷம் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மழை பெய்தது. வாகைமரத்தடியில் விரல் நுழையும் துளைகள், ஒன்று, பத்து, ஆயிரம். சில்வண்டுகள் வந்தன. தின்ன ஒரு பறவையும் அசையவில்லை. வண்டுகள் வந்துகொண்டே இருந்தன. கதவில் கூடு, மாட்டுக்கொம்பில் கூடு, தொட்டில் கயிற்றில் கூடு. முறத்தால் அள்ளி அள்ளிக் கொட்டினாலும் தீரவில்லை.

முதல் நாள் அவை கத்தியபோது ஊர் விறைத்து நின்றது. "ஆலோலம்... ஆலோலம்..." என்று கத்தின. வாகைவேரின் சாற்றைக் குடித்த வண்டுகள், பானையிலிருந்த குரல்களையும் சேர்த்துக் குடித்திருந்தன. ஒரு மரம் மூப்பர் குரலில் கத்தியது, ஒரு மரம் செங்காயி குரலில் கத்தியது. இரண்டாம் நாள் அவை சிரிக்கக் கற்றுக்கொண்டன. மூன்றாம் நாள் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டன.

மூன்றாம் நாள் நல்ல வெயில். செங்காயி உள்ளே தினை குத்திக்கொண்டிருந்தாள். வெளியே அவளுடைய குரலே கேட்டது.

"தேனு... வாடி கண்ணு... அம்மா இங்க இருக்கேன்..."

உலக்கை கைநழுவி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பாயில் பிள்ளை இல்லை.

ஓடினாள். குரல் வந்த வாகைமரத்தடியில் இன்னும் மூன்று பிள்ளைகளோடு தேனு உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை வெங்காயத்தோல் நிறத்தில் மெல்லிய ஓடு ஒன்று படர்ந்திருந்தது. செங்காயி நகத்தால் உரித்தாள். உரித்த இடத்தில் மறுபடி படர்ந்தது.

மரத்தின் பின்னாலிருந்து மந்திரவாதி வந்தான். "உரிக்காதே, வீண் வேலை. பொழுது சாய்ந்ததும் இவர்கள் மண்ணுக்குள் போவார்கள். பதினேழு வருஷம் கழித்து என் வண்டுகளாக வெளியே வருவார்கள்."

"எம்புள்ளைய விடுடா!" கிளி விரட்ட இடுப்பில் செருகியிருந்த கவணைச் சுழற்றிக் கல்லை வீசினாள். வண்டுக்கூட்டம் கல்லை விழுங்கிக்கொண்டது. காலில் விழுந்து கேட்டாள். அவன் சிரித்தான்.

"வண்டைத் தின்னப் பறவை வேண்டும். பறவை எழ வேண்டுமானால் உங்களில் ஒருவர் அதைக் கூப்பிட வேண்டும். பிறந்தது முதல் விரட்டியே பழகியவர்கள் நீங்கள். கூப்பிட ஒரு சொல் இருக்கிறதா உங்கள் ஊரில்? தேடிப் பார்."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. மூப்பர் தலையில் கைவைத்தார். "நம்மகிட்ட நூறு பாட்டு இருக்கு. நூறும் விரட்டற பாட்டு அம்மிணி."

ஓடு தேனுவின் இடுப்பைத் தொட்டது. செங்காயி மகளின் முகத்தைத் துடைத்தாள். கன்னத்தில் காலையில் ஊட்டிய தினைக்களி காய்ந்து ஒட்டியிருந்தது. அதையே பார்த்தாள். எழுந்து வீட்டுக்கு ஓடினாள், களிக்கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தினமும் களி ஊட்டும்போது கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். "காக்கா வா... குருவி வா... பாப்பாவுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்..."

ஒன்றும் அசையவில்லை. ஓடு நெஞ்சுக்கு ஏறியது.

"காக்கா வா... குருவி வா..."

உச்சிக்கிளையில் ஒரு காகம் கண்ணை இமைத்தது.

மூப்பர் பதறினார். "அம்மிணி, நிறுத்து! பறவை எழுந்தா தினையையும் தின்னுப்போடும்!"

"தின்னட்டும் மாமா! தினை அடுத்த வருஷமும் விளையும். எம்புள்ள விளையுமா?"

மற்ற மூன்று தாய்மார்களும் வந்து அவரவர் பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டார்கள். ஓடு கழுத்துக்கு வந்துவிட்டது. நாலு பேரும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். பின்னாலிருந்து கரகரவென்று ஒரு ஐந்தாவது குரலும் சேர்ந்துகொண்டது. அது மூப்பர்தான்.

"காக்கா வா! குருவி வா!"

மூன்று மலையும் எழுந்ததுபோல இறக்கைச் சத்தம். வெயில் மறைந்தது. பறவைகள் இறங்கின, கொத்தின, விழுங்கின. ஒவ்வொரு வண்டு செத்தபோதும் ஒரு குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. "வாடி கண்..." என்றது ஒரு கிளை. அதற்குமேல் இல்லை.

மந்திரவாதி அலறிக்கொண்டு பானையைத் தோண்டி எடுத்தான். துணியை அவிழ்த்து, மிச்சமிருந்த குரல்களையெல்லாம் தன் வாய்க்குள் கவிழ்த்துக்கொண்டு "ஆலோலம்!" என்று கத்தினான். வெளியே வந்த குரல்கள் அவனிடம் திரும்பவில்லை. ஆளுக்கொன்றாய் அவரவர் தொண்டைக்குப் போய்ச் சேர்ந்தன. அவன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. முதுகு பிளந்தது. உள்ளே யாருமே இல்லை. மரப்பட்டையில் மனித உயரத்துக்கு ஒரு காய்ந்த கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலக் காற்று அதைப் பெயர்த்துக்கொண்டு போனது.

பிள்ளைகளின் மேலிருந்த ஓடு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. பறவைகள் தின்ற தீனியில் பறக்க முடியாமல் மூன்று நாள் தெருவில் நடந்து திரிந்தன. நாலாம் நாள் எழுந்து பாதித் தினையையும் தின்றன. மூப்பர் மூக்கைச் சிந்தினார். ஆனால் தின்று மிஞ்சிய வண்டுகள் செத்து மண்ணுக்கு உரமாகி, அடுத்த வருஷம் கதிர் முழங்கை நீளம் வந்தது. இடமில்லாமல் மாட்டுக்கொட்டகையிலும் கொட்டிவைத்தார்கள்.

ஓடு உதிர்ந்த அன்று நினைவு திரும்பியதும் தேனு கேட்டது ஒன்றுதான். "அம்மா, நீ கூப்பிட்டே, வந்தேன். வந்தப்புறம் ஏன் பேசவே இல்ல?"

செங்காயி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கூப்பிட்டால் தேனு வரமாட்டாள். பக்கத்தில் போய்க் கையைத் தொட்டால்தான் வருவாள். அதற்காகச் செங்காயி ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. எவ்வளவு வேலை கிடந்தாலும் போட்டுவிட்டு, பிள்ளை இருக்கும் இடத்துக்கே நடந்து போவாள்.

தினைப்பட்டியில் இன்றைக்கும் தாய்மார்கள் தூரத்தில் நின்று பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. நடந்து போய், தொட்டு, கையைப் பிடித்துத்தான் கூட்டி வருகிறார்கள்.

அவர்கள் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தார்கள். கதையும் வந்து சேர்ந்தது.